ஜீப்புத் தடம்

இருபத்து மூன்று நிமிடம் என்று தன் கையாலேயே படிவத்தில் எழுதி வைத்திருந்த பேட்டி, திங்கட்கிழமை காலை கணினியில் நாற்பத்தொரு நிமிடம் என்று காட்டியபோது, ஜோவிதா முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள்.

அந்த ஃபைலை அவள் மறுபடி திறந்திருக்கவே வேண்டியதில்லை. ஈச்சங்குழி மலைக்கிராமத்தில் எடுத்த பதினான்கு பேட்டிகளையும் தமிழிலிருந்து ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து, அவள் வேலை முடிந்து மூன்று வாரமாகியிருந்தது. ஆனால் காலையில் நீல் அவள் மேசைக்கே வந்து நின்றார். மும்பையில் வளர்ந்தவர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. மலைக்கிராமங்களின் மருத்துவ வசதி பற்றி அவர் எழுதிய அறிக்கை வெள்ளிக்கிழமை வெளியாக இருந்தது.

"ஜோவிதா, அந்த ஏழாவது பேட்டி அம்மா நாம கிளம்பும்போது சொன்னாங்களே, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்னு. அந்த வரியை அட்டையிலேயே போடறோம்," என்று அவர் தன் வேகமான ஆங்கிலத்தில் சொன்னார். "எத்தனாவது நிமிஷத்துல வருதுன்னு மட்டும் பார்த்துச் சொல்லு."

"பார்க்கறேன் நீல்," என்றாள். எந்த நிமிடத்திலும் வராது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் தேடுவதுபோலக் காட்டிக்கொள்ளவாவது வேண்டியிருந்தது.

நகரத்தில் தொம்மலூரின் பழைய வீடுகளுக்கு நடுவே எழும்பியிருந்த கட்டடத்தில் மூன்றாவது மாடி அவர்களுடைய ஆபீஸ். கீழே யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தமும், குக்கர் விசிலும், சந்தில் திரும்ப முடியாமல் முனகும் ஆட்டோவும் ஜன்னல் வழியே எப்போதும் மேலே வந்துகொண்டிருக்கும். ஹெட்போனை மாட்டியதும் அதெல்லாம் அடங்கியது. ஏழாவது பேட்டிக்காரி மாதி பேச ஆரம்பித்தாள். வயது இருபத்திரண்டு, கைக்குழந்தை ஒன்று. மாசி மாதம் ஊற்று வற்றிவிடும், பிறகு கீழ்ப் பள்ளத்துக்குப் போகவேண்டும். ரேஷன் வாங்க ஒரு நாள் நடை. வாத்தியார் வந்தால் பள்ளிக்கூடம். யாருக்காவது முடியாமல் போனால் மூங்கிலில் போர்வையைக் கட்டி டோலியாக்கி நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். அவளுடைய அக்கா அப்படித்தான், வயிற்றுப் பிள்ளையோடு, பாதி வழியில் போய்விட்டாள். மாமனார் தேன் எடுக்கப் பாறையில் ஏறி விழுந்தார். டோலியிலேயே இரண்டு தடவை தண்ணி கேட்டாராம், மூன்றாவது தடவை கேட்கவில்லையாம். மாதி இதையெல்லாம் வேறு யாருக்கோ நடந்ததைப்போல, குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னாள். தட்டும் சத்தமும் மெல்லியதாகப் பதிவாகியிருந்தது. தப். தப். தப்.

நீல் நன்றி சொன்னார். அதை ஜோவிதா தமிழில் சொன்னாள். பிறகு 'டிக்' என்று பொத்தான் அழுந்தியது. இருபத்து மூன்று நிமிடம், எட்டு நொடி.

பதிவு நிற்கவில்லை.

காற்று வீசியது. வண்டுகளின் இரைச்சல். அப்புறம் நடை. வெறுங்காலோடு சரளைக்கல்லில் ஒருத்தி வேகமாக நடக்கிற சத்தம், மேல்மூச்சு வாங்குகிறது, மூச்சுக்கு இடையே குழந்தையைத் தட்டுகிறாள். ரெக்கார்டரை அணைக்க மறந்துவிட்டோம் என்று ஜோவிதா நினைத்துக்கொண்டாள். பிறகு நினைவு வந்தது. ரெக்கார்டர் அவள் கைப்பையில் இருந்தது. கைப்பை ஜீப்பில் அவள் மடியில் இருந்தது. அப்படியானால் காதருகே எஞ்சின் அல்லவா உறுமவேண்டும்?

அவள் ஒலியைக் கூட்டினாள். நாற்பதாவது நிமிடத்தில்தான் எஞ்சின் கேட்டது. வெகு தூரத்தில், மலைக்குக் கீழே, வளைவுக்கு வளைவு தேய்ந்துகொண்டே போனது ஒரு ஜீப்பு.

ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். "கடைசியில் இருக்கு நீல், இருபத்து மூணாவது நிமிஷம்," என்று குறிப்பு அனுப்பிவிட்டு, ஃபைலை மூடினாள்.

ஐந்து வாரத்துக்கு முன்பு நடந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று மாலை நாலு மணிக்கு மேலாகிவிட்டது. மழை கட்டிக்கொண்டு நின்றது. ஜோவிதாவுக்கு அந்த ஊரை விட்டு இறங்கினால் போதும் என்றிருந்தது. காலையில் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கப் புதருக்குப் பின்னால் ஒதுங்க நேர்ந்தது. மதியம் ஒரு வீட்டில் கொடுத்த கேழ்வரகுக் கூழைக் குடிப்பதுபோல வாயில் வைத்துவிட்டு, வேலிக்குப் பின்னால் கொட்டினாள். நாய் வந்து நக்கியது. அந்த வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போதாததற்கு, அக்கா மகள் ஆஷ்லிக்கு மறுநாள் காலை காக்ஸ் டவுன் மாதா கோயிலில் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் பூசை. ஜோவிதாதான் ஞானத்தாய்.

ஜீப்பில் டிரைவர் பெருமாள்சாமி, வனக்காவலர், நீல், அவள், பின்னால் சாமான்கள். இன்னும் ஓர் ஆளுக்குக்கூட இடமில்லை. டிரைவரும் காவலரும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, மாதி ஓடி வந்து ஜோவிதாவின் முழங்கையைத் தொட்டாள்.

"அக்கா, பிள்ளைக்கு மூணு நாளா காச்சல். பால் குடிக்க மாட்டேங்குது. கீழ ஆசுபத்திரி வரைக்கும் உங்க வண்டியில வுட்டுருங்கக்கா. நான் நின்னுக்கிட்டே வர்றேன்."

குழந்தையின் உதடு வெடித்திருந்தது. கண் பாதி திறந்து, எதையும் பார்க்காமல் இருந்தது.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டார் நீல்.

சொல்லியிருந்தால் அவர் உடனே இறங்கியிருப்பார். அவங்க போகட்டும், நாம ராத்திரி இங்கே தங்கிக்கலாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார். அவர் அப்படிப்பட்ட மனிதர். அவளுக்குப் பயமே அதுதான்.

"சாப்பிட்டுட்டுப் போகச் சொல்றாங்க," என்றாள் ஜோவிதா.

நீல் நெஞ்சில் கை வைத்து, மாதியைப் பார்த்துத் தலை குனிந்து கும்பிட்டார். மாதிக்கு அது புரியவில்லை. சரி என்கிறார் போலிருக்கிறது என்று எண்ணி, ஓடிப்போய் வீட்டுக்குள்ளிருந்து ஒரு போர்வையை எடுத்து வந்தாள். அதற்குள் ஜீப்பு நகர்ந்துவிட்டது. ஜோவிதா திரும்பிப் பார்க்கவில்லை. பக்கக் கண்ணாடியில் தெரிந்ததை மட்டும் அவளால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஃபைல் இரண்டு மணி பத்து நிமிடமாக வளர்ந்திருந்தது.

கேட்கக்கூடாது என்று முடிவு செய்து பதினொரு மணிவரை தாக்குப்பிடித்தாள். பிறகு கேட்டாள். மழை கொட்டியது. கல்லில் கால் வழுக்கி, சமாளித்து, மறுபடி நடை. குழந்தை அழவில்லை, அழுகையின் கடைசி நுனியைப்போல ஒரு முனகல். அப்புறம் தண்ணீரின் பேரிரைச்சல். அதற்குள் நடை இறங்கியது. இரைச்சல், இரைச்சல், இரைச்சல் மட்டும். நாற்பது நிமிடத்துக்கு வேறொன்றுமில்லை. அப்புறம், ஈரத் துணி கல்லில் உரசும் சத்தம். அக்கரையில் யாரோ ஏறுகிறார்கள். தப். தப். தப்.

ஆபீசைக் கூட்டி, டீ போட்டுக் கொடுக்கும் சந்திரம்மா டம்ளரை வைத்துவிட்டு, "மேடம், மூஞ்சி ஏன் இப்டி வெளுத்துக் கெடக்குது? ஊட்டா ஆச்சா, சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். ஜோவிதா தலையை மட்டும் ஆட்டினாள். அவள் போனதும் பெருமாள்சாமிக்குப் போன் போட்டாள்.

"சொல்லுங்க மேடம். நல்லாருக்கீங்களா?"

"நல்லாருக்கேன். சும்மாதான் கூப்பிட்டேன். ஈச்சங்குழியில எல்லாரும் எப்படி இருக்காங்க?"

"உங்களுக்கு யாரும் சொல்லலீங்களா மேடம்? அந்த மாதிங்கிற பொண்ணு, நீங்ககூட பேட்டி எடுத்தீங்களே. நாம எறங்குன பின்னாலயே பிள்ளையத் தூக்கிக்கிட்டு கெளம்பிருக்குது. புருசன் வெளியூருக்கு வேலைக்குப் போயிருந்தான். அந்த ஊருக்கு ஒரு குறுக்குத் தடம் இருக்குது மேடம், ரெண்டு மணி நேரத்துல ரோட்டுக்கு வந்துரலாம். அது அதுல போவல. ஜீப்பு தடத்துலயே நடந்திருக்குது."

"ஏன்?"

"வண்டி எங்கனாச்சும் நின்னா ஏறிக்கலாம்னு நெனச்சுதோ என்னமோ. நாமளும் ரெண்டு எடத்துல நிறுத்துனோமே, சார் போட்டோ எடுக்கணும்னு." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்புறம் மழை புடிச்சுக்கிச்சு. ஓடை வரைக்கும் கால் தடம் இருந்துச்சாம். அந்தாண்ட இல்ல. ரெண்டு பேரும் இன்னிக்கி வரைக்கும் கெடைக்கல."

ஜோவிதா டீ டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"ஏன் மேடம், அன்னிக்கி உங்ககிட்ட அது ஏதாச்சும் கேட்டுச்சா?"

"இல்லையே," என்றாள் ஜோவிதா. "ஒண்ணும் கேக்கல."

போனை வைத்தபின் அந்தச் சொல் வாயிலேயே கிடந்தது, கெட்டுப்போன பாலைக் குடித்ததுபோல.

புதன்கிழமை ஐந்து மணி நேரம். இப்போது கால் தார் ரோட்டில் விழுந்தது. லாரிகள் சீறிக்கொண்டு கடந்தன. எங்கோ ஒரு பஸ் கண்டக்டர் ஓசூர், ஓசூர் என்று கூவினான். நடை நிற்கவில்லை. இன்னும் இரண்டு மணி நேரம் தள்ளி ஓட்டிக் கேட்டாள். வேறொரு கண்டக்டர், கன்னடத்தில். சந்தாபுரா, சந்தாபுரா, இறங்குங்க. குழந்தையின் முனகல் எப்போதோ நின்றிருந்தது. தட்டுவது மட்டும் நிற்கவில்லை.

அவள் ஃபைலை அழித்தாள். குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள். ரெக்கார்டரில் இருந்ததையும் அழித்தாள். அன்றைக்கு முதல்முறையாக நன்றாக மூச்சு விட முடிந்தது.

சாயங்காலம் காக்ஸ் டவுனுக்குப் போகிற பஸ்ஸில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. அவள் பக்கத்து இருக்கையில் மட்டும் யாரும் உட்காரவில்லை. ஒரு பெரியவர் உட்காரப் போனவர், மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்ந்து நின்றார். அப்புறம்தான் அவளுக்கும் அந்த வாசனை எட்டியது. விறகுப் புகை. நனைந்த போர்வை. மலைப் பாதையோரம் ஜீப்பு உரசிக்கொண்டு வந்த உண்ணிச்செடியின் கசந்த நெடி.

இறங்கி நேராகக் கோயிலுக்குப் போனாள். பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்ல நாலு பேர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவதாக உட்கார்ந்தாள். என்னவென்று சொல்வது? பொய் சொன்னேன் என்றா? எத்தனை முறை என்று கேட்பார். அவளுக்கு முன்னால் இருந்த பெண் எழுந்து உள்ளே போனதும், ஜோவிதாவும் எழுந்து வெளியே வந்துவிட்டாள். வீட்டில் அப்பா ரெமிஜியஸ் டி.வி.யைக் குறைத்துவிட்டு, "என்ன ஜோவி, இவ்ளோ லேட்டு? காச்சலா?" என்று நெற்றியில் கை வைக்க வந்தார். அவள் வெடுக்கென்று விலகிக்கொண்டாள். காச்சல் என்ற அந்தச் சொல்லைக் கேட்டதுதான் காரணம். "ஒண்ணுமில்ல டாடி."

வியாழக்கிழமை காலை கணினியில் ஃபைல் இல்லை. மூன்று முறை தேடிப் பார்த்தாள். இல்லை.

பதினொரு மணிக்குச் சந்திரம்மா வாளியும் துடைப்பமுமாக மேலே வந்தாள். "யாரு மேடம் இது, கீழ மெட்டில், படி பூராவும் செம்மண்ணை மிதிச்சி வெச்சிருக்காங்க? தொடச்சா போவல. காலு கூட வெறுங்காலு."

"எந்த மாடி வரைக்கும்?"

"மொதல் மாடி வரைக்கும்தான். அங்கருந்து எங்க போனாங்களோ."

ஜோவிதா எழுந்து நீலின் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். "நீல், அந்த அட்டையில இருக்கற வரி. அது சரியில்லை. அந்தம்மா சொன்னது அது இல்லை."

நீல் கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படவில்லை. "அப்ப என்ன சொன்னாங்க?"

சொல்லிவிடலாம். நாலே வார்த்தை. அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் இருந்த நம்பிக்கையைப் பார்த்தாள். அது இன்னும் ஒரு நொடியில் என்னவாக மாறும் என்று பார்த்தாள்.

"சாப்பாடுன்னு சொல்லல," என்றாள். "தண்ணி குடிச்சிட்டுப் போங்கன்னு சொன்னாங்க."

நீல் சிரித்தார். "அவ்வளவுதானா? பயந்தே போயிட்டேன். அச்சாகி வந்தாச்சு ஜோவிதா, விடு."

ஆறு மணிக்குள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். நீல் மறுநாள் கூட்டத்துக்கு ஹாலைப் பார்க்கப் போயிருந்தார். ரிசப்ஷன் மேசைமேல் அறிக்கைகள் அடுக்கியிருந்தன. அட்டையில் ஈச்சங்குழியின் பச்சை மலை, அதன் கீழே அவள் சொன்ன வரி. அவற்றைப் பெட்டிகளில் போட்டு ஒட்டுவது மட்டும் அவள் வேலை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. நாலாவது பெட்டியை ஒட்டும்போது கரண்ட் போயிற்று. இன்வெர்ட்டரில் ரிசப்ஷன் விளக்கு ஒன்று மட்டும் மங்கலாக எரிந்தது. ஏ.சி. நின்றது. குக்கர்கள், ஆட்டோக்கள், பாத்திரங்கள் எல்லாம் நின்றுவிட்டதுபோல இருந்தது.

மாடிப்படியில் சத்தம்.

தப். தப். தப்.

ஹெட்போன் மேசைமேல் கிடந்தது.

இரண்டாம் மாடி. ஒரு படி. நிதானம். அடுத்த படி. புகை வாசனை கதவுக்கு அடியில் நுழைந்து வந்தது. கண்ணாடிக் கதவின் சாவி அவள் கையிலேயே இருந்தது. எழுந்து போய்ப் பூட்டினால் போதும். எட்டு அடி. எழுந்தாள். நாலு அடி போனாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாதி நின்றாள்.

நினைவில் இருந்ததைவிடக் குள்ளம். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மார்போடு போர்வைச் சுருட்டு. பாதத்தில் தோல் இல்லை. தோல் இருந்த இடத்தில் தார் ஒட்டியிருந்தது. கோபமாக வந்திருந்தால் ஜோவிதா ஓடியிருப்பாள். மாதியின் முகத்தில் கோபமில்லை. செருப்பில்லாமல் இந்தத் தரையில் கால் வைக்கலாமா என்று கூச்சப்பட்டு நிற்கிற முகம்.

கதவு திறந்ததா, யார் திறந்தது, தெரியவில்லை. மாதி உள்ளே நின்றாள்.

"அக்கா," என்றாள். குரலில் தண்ணீர் இருந்தது. "வண்டித் தடம் இங்கதான் வந்து நின்னுச்சு. இதுதான் ஆசுபத்திரியா?"

இல்லை என்று சொல்லவேண்டும். இதுவாவது. இந்த ஒன்றாவது.

"ஆமா," என்றாள் ஜோவிதா. "உள்ள வா. உக்காரு."

மாதியின் முகம் மலர்ந்தது. ஐந்து வாரமாக நடந்த நடைக்கெல்லாம் சேர்த்து மலர்ந்தது. அவள் திரும்பி, மாடிப்படிப் பக்கமாகக் கழுத்தை நீட்டி, சத்தமில்லாமல் சொன்னாள். "ஆசுபத்திரி வந்திருச்சு. வாங்க."

கீழே மூங்கில் முனகியது.

நாலு பேர் மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். தோளில் டோலி. போர்வைக்குள் வயிறு மேடிட்ட ஒருத்தி, தலை பின்னால் தொங்க. அதற்குப் பின்னால் இன்னொரு டோலி. இடுப்பு முறிந்த கிழவர். தண்ணி, தண்ணி என்று உதடு மட்டும் அசைந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. இன்னொன்று. பேட்டியில் சொல்லப்பட்டவர்கள். சொல்லாமல் விடப்பட்டவர்கள். யாரும் தள்ளவில்லை. நாற்காலியில் உட்காரத் தயங்கி, சுவரோரமாகத் தரையில் வரிசையாகக் குந்தினார்கள். இடம் நிறைந்தது. நடைவழி நிறைந்தது. படிகள் நிறைந்தன. செம்மண் தண்ணீர் தரையில் பரவி அவள் செருப்பைத் தொட்டது.

மாதி மேசைக்கு வந்தாள். அறிக்கைகளின் அடுக்கின்மேல் போர்வைச் சுருட்டை வைத்தாள். முடிச்சை அவிழ்த்தாள்.

"பாருங்கக்கா," என்றாள். விலகி நின்று கையைக் கட்டிக்கொண்டாள்.

எல்லாரும் ஜோவிதாவைப் பார்த்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. காத்திருந்து பழகியவர்கள்.

மேசைமேல் இருந்தது மெதுவாகத் தலையைத் திருப்பியது. அவளைப் பார்த்தது. பாலுக்குத் திறப்பதுபோல வாயைத் திறந்தது.